பின்சக்கரத்தில் டிரம்மா, டிஸ்க்கா? கொடைக்கானல் இறங்கும் முன் பார்த்துவிடுங்கள்

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கும் வழியில், டம் டம் பாறை பக்கம் காரை நிறுத்தினால் சில நேரம் ஒரு கருகல் வாடை மூக்கில் ஏறும். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது பிரேக் சூடேறிய வாடை.

மலையேறும் முன் டயர் காற்று, பெட்ரோல், இ-பாஸ் எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். ஆனால் காரின் பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா என்று கேட்டால், சொந்தக் கார் வைத்திருப்பவர்களே பலர் முழிப்பார்கள். வாடகைக்கு எடுத்த கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. கார் ஆறியிருக்கும்போது பின்சக்கரத்தின் இடைவெளி வழியாக போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பளபளப்பான தட்டையான வட்டத் தகடும், அதன் விளிம்பைக் கவ்விப் பிடித்தபடி ஓர் இரும்புக் கட்டியும் தெரிந்தால் டிஸ்க். அந்தக் கட்டிக்குப் பெயர் காலிப்பர். தகடே தெரியாமல், கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி மூடிய இரும்பு தெரிந்தால் டிரம். பிளாஸ்டிக் வீல் கேப் மறைத்தால் அதன் ஓட்டைகள் வழியாகப் பார்க்கலாம்.

ஏமாறவும் வழி உண்டு. அலாய் வீல் இருந்தாலே டிஸ்க் என்று அர்த்தமில்லை. சிவப்புக் கலரில் காலிப்பர் போலவே தோன்றும் வெறும் மூடிகளும் விற்பனையில் இருக்கின்றன. டிரம் மேல் மாட்டிவிட்டால் தூரத்திலிருந்து டிஸ்க் மாதிரியே இருக்கும். முன்சக்கரத்தைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. இன்றைய கார்களில் முன்னால் டிஸ்க் என்பது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உண்டு. ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்றவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சில மாடல்களில் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும் என்பதால், நண்பரின் காரை வைத்து உங்கள் காரைக் கணிக்க முடியாது.

சரி, டிரம் என்றால் பயப்பட வேண்டுமா? ஷோரூம் பேச்சைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால், பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.4 மின்சாரக் காரிலேயே பின்னால் டிரம்தான் வைத்தது. நன்றாகப் பராமரித்த டிரம், கவனிக்காமல் விட்ட டிஸ்க்கைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் மலைச்சாலையில் ஒரு வித்தியாசம் உண்டு. டிஸ்க் வெளிக்காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். டிரம்மில் சூடு உள்ளேயே அடைபடும்; சூட்டில் டிரம் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகுவதால், பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும்.

சூடு எவ்வளவு? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டு வரை இறக்கம் ஏறக்குறைய 1,800 மீட்டர். 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும்.

அதனால்தான் 2 அல்லது 3-வது கியரில் இறங்கச் சொல்கிறார்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் மோட். "நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்" என்பது பழைய கதை. இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட அது செலவாகும். மின்சாரக் கார்க்காரர்களுக்கும் ஒரு விஷயம்: மலை மேல் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் ரீஜென் பிரேக் சரியாக வேலை செய்யாது. பேட்டரியில் இடம் இருக்காதே!

பிரேக் ஆயில் விஷயத்தில் டிரம், டிஸ்க் பேதமே இல்லை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பணம் பிடுங்க அல்ல.

இறங்கும்போது பெடல் மாறுபட்டதாகத் தோன்றினால், பெருமாள்மலை போல அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கொதிக்கும் இரும்பு வளையும், வெடிக்கும். நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் காட்டிப் பாருங்கள். இடது, வலது இரண்டில் ஒன்று மட்டும் அனலாக இருந்தால், அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரம்மா, டிஸ்க்கா என்று அப்போது தெரிந்திருந்தால், போனிலேயே மெக்கானிக்கிடம் ஷூவா, பேடா என்று சொல்லிவிடலாம். சரியான பாகத்தோடு வருவார்.