கடதாசிக் கணினியும் பாவனையாளர் உரிமையும்

கணினித் திரையொன்றை ஆக்க முற்படுவோர் அதனை முதலிற் கடதாசியிலே பென்சிலால் வரைந்து, அதனைப் பாவிக்கப்போகும் மனிதர் முன்வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று கூறினால் நம்மிடையே இருவகை நகைப்பு எழுகின்றது. இது பாலர் வகுப்பு வேலை என்பது ஒன்று. கலைப்பீடத்தாருக்கு இதிலென்ன அலுவல் என்பது மற்றது. சென்ற தவணை நிகழ்ந்த கருத்தரங்கொன்றில் இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் கேட்க நேர்ந்தது. இக்கட்டுரை அதன் விளைவு.

முறை எளிது. திரையில் தோன்றவேண்டிய ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு தாள். பொத்தான்களும் பட்டியல்களும் கையால் வரைந்து வெட்டிய துண்டுகள். பாவனையாளர் விரலால் ஒரு பொத்தானைத் தொட, ‘கணினி’யாக நடிப்பவர் அதற்குரிய அடுத்த தாளை எடுத்து வைப்பார். அவர் விளக்கங் கூறலாகாது. நமது கூத்தில் அண்ணாவியார் பின்னின்று அடியெடுத்துக் கொடுப்பார். இங்கே அண்ணாவியாரும் வாய்திறக்கக் கூடாது. இன்னொருவர் அருகிலிருந்து, விரல் எங்கே தயங்கியது, எங்கே தவறான இடத்தைத் தொட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்வார். தயக்கம் நேர்ந்த இடத்திற் பிழை மனிதருடையதன்று, தாளினுடையது. அத்தாளைக் கிழித்தெறிந்து வேறொன்று வரையப் பத்து நிமிடம் போதும்.

இம்முறையின் வரலாற்றை அறியாதோரே இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்பர். 1970களின் தொடக்கத்தில் நோர்வே நாட்டில், சிமியூலா என்னும் நிரல்மொழியை ஆக்கிய இருவருள் ஒருவரான கிறிஸ்தன் நைகாட், இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து, கணினிமயமாக்கலைத் தொழிலாளர் நோக்குநிலையிலிருந்து ஆராய்ந்தார். அவ்வழியில் வந்ததே 1981இல் ஆரம்பமான ‘உட்டோப்பியா’ திட்டம். ஸ்கண்டிநேவிய நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கத்தினரும், பெலே எஹ்ன், மோர்ட்டன் கியூங் முதலான சுவீடிஷ், டேனிஷ் ஆய்வாளர்களும் அதில் ஒருங்கே உழைத்தனர். பத்திரிகைப் பக்கங்களை அமைக்கும் தொழில் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. புதிய சாதனத்தை முதலாளியும் உற்பத்தியாளரும் தீர்மானிக்க, தொழிலாளி அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதா, அன்றி அச்சாதனம் எத்தகையதாக இருக்கவேண்டும் என்று தொழிலாளியே கூறுவதா என்பதே அங்கு மேற்கிளம்பிய வினா.

ஆய்வாளர் முதலில் தம் துறைக்குரிய வரைபடங்களையும் விவரணங்களையும் தொழிலாளர் முன் விரித்தனர். அவை அச்சுத் தொழிலாளருக்கு யாதும் உணர்த்தவில்லை. வேண்டிய கணினிகளோ அன்று எளிதிற் கிடைப்பனவாயில்லை. ஆகவே ஒட்டுப்பலகை, மட்டை, கடதாசி ஆகியவற்றைக் கொண்டு பொய்க் கணினிகள் எழுந்தன. வெறும் மட்டைப்பெட்டியொன்றின்மீது ‘லேசர் அச்சுப்பொறி’ என்று எழுதி வைத்தனர். அவற்றின் முன்னமர்ந்து பக்கம் அமைப்பதுபோற் செய்து காட்டியபோதுதான், வாயாற் சொல்லத் தெரியாத தொழிலறிவு கைகளின் வழியே வெளிப்பட்டது. இவ்வனுபவத்தை எஹ்ன் 1988இல் வெளியிட்ட தமது நூலில் விற்கென்ஸ்ரைனின் ‘மொழி விளையாட்டு’ என்னும் கருத்தின் துணைகொண்டு விளக்குகின்றார். கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன அலுவல் என்று வினவியவர்கள் இதனைச் சற்றே மனங்கொள்வார்களாக.

அத்திட்டத்தின் வழியே பிறந்த சாதனம் சந்தையில் நிலைபெறவில்லை என்பது உண்மையே. ஆயின் முறை நிலைத்தது. நிலைத்தது மட்டுமன்று, அது கைமாறவும் செய்தது. தொழிலாளர் உரிமைக்கென எழுந்த முறையை மென்பொருள் நிறுவனங்கள் செலவு குறைக்கும் உபாயமாக ஏற்றுக்கொண்டன. இன்று இதனைப் போற்றுவோருட் பெரும்பாலோர் ‘மலிவு, விரைவு’ என்ற இரு சொற்களோடு நின்றுவிடுகின்றனர். யாக்கோப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணிப்பின் வழியே, ஐந்து பேரைக் கொண்டு பரிசோதித்தாற் குறைகளுட் பெரும்பங்கு புலப்படும் என்ற கூற்று பரவிற்று. வெவ்வேறு வகைப் பாவனையாளர் உள்ளவிடத்து ஒவ்வொரு வகையினரையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும் என்று நீல்சனே கூறியிருக்க, நம்மவர் ‘ஐந்து’ என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டனர். அந்த ஐவர் யாவர்? பக்கத்து மேசையில் இருக்கும் ஐந்து பொறியியலாளரா?

எனது பெரியம்மா அந்த ஐவருள் ஒருவரல்லர். சென்ற ஆண்டு ஓர் அலுவலகம் உதவிக்கொடுப்பனவு ஒன்றுக்கான விண்ணப்பத்தைக் கணினி வழியாக மட்டுமே ஏற்பதென அறிவித்தது. படிவத்தில் ‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ என இரு கட்டங்கள். தகப்பன் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதிவந்த பெரியம்மாவுக்கு, முதலில் எழுதும் பெயரே முதற்பெயர். அவ்வாறே நிரப்பினார். அடையாள அட்டையோடு பொருந்தவில்லையென விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அவர் செய்த பிழை தமிழ் தெரிந்திருந்தமைதான்.

விடுமுறையில் நானும் நண்பர் இருவரும் அப்படிவத்தைப் பக்கம் பக்கமாகக் கடதாசியில் வரைந்து, ஊரில் நால்வரிடம் கொடுத்துப் பார்த்தோம். நால்வரும் பெயர்க் கட்டத்தில் தயங்கினர். நாம் எதிர்பாராதது இறுதிப் பக்கத்தில் நிகழ்ந்தது. அங்கே ‘சமர்ப்பி’, ‘மீளமை’ என இரு பொத்தான்கள் அருகருகே இருந்தன. பிழையிருந்தால் மீளச் சரியாக அமைத்துத் தருவார்கள் என்றெண்ணி, பெரியம்மா ‘மீளமை’யைத் தொட்டார். கணினியாக நடித்த நண்பன், அவர் அரைமணி நேரமாக எழுதிய தாள்களை எடுத்துவிட்டு, வெற்றுத் தாளை வைக்க வேண்டியதாயிற்று. “பிள்ளை, நான் எழுதினதெல்லாம் எங்கை போட்டுது?” என்றார். விளக்கியபின் பென்சிலை வாங்கி, அச்சொல்லை வெட்டி, ‘எல்லாத்தையும் அழி’ என்று தாமே எழுதினார். பட்டம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் எவரும் அதனினும் தெளிவாக எழுதியிருக்க முடியாது.

இன்று வரைகலை மென்பொருள்கள் சில நிமிடங்களில் மெருகேறிய திரைகளை ஆக்கித் தருகையிற் கடதாசி எதற்கு என்பார் உளர். அம்மெருகே இடையூறு என்பது என் வாதம். முற்றுப்பெற்றதுபோல் ஒளிரும் திரையைப் பெரியம்மாவிடம் நீட்டியிருந்தால் ‘நல்லாயிருக்கு’ என்று மரியாதையாகச் சொல்லித் தம்மையே நொந்திருப்பார். கோணல்மாணலான பென்சிற் கோடு, இது இன்னும் முடியவில்லை, நீரும் கைவைக்கலாம் என்று சொல்லாமற் சொல்கின்றது. கடதாசிக்கு எல்லைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வேகத்தையோ, தமிழ் விசைப்பலகையில் எழுத்துத் தட்டும் அல்லலையோ அதிற் சோதிக்க முடியாது. அவற்றைப் பின்னர் இயந்திரத்திற் சோதிக்கட்டும். சொல் விளங்குகிறதா, ஒழுங்கு விளங்குகிறதா என்பதை அறிய இயந்திரம் வரும்வரை காத்திருப்பது, கட்டடத்துக்குக் கூரை போட்டபின் வாசல் எங்கே என்று கேட்பதாகும்.

வரைந்த தாள்களை அவ்வலுவலகத்துக்குக் கொண்டுசென்றோம். முறைமை ஏற்கனவே பூர்த்தியாகிவிட்டது, இனி எதையும் மாற்றவியலாது என்றனர். பூர்த்தியாகுமுன் எவரிடமேனும் காட்டினீர்களா என்ற வினாவுக்கு, ‘எங்கள் உத்தியோகத்தர்கள் பார்த்தார்கள்’ என்பதே விடை.

அடுத்த படிவம் ஆக்கப்படும்போது, ஒப்பந்தப் பணம் கொடுபடுமுன், அதன் கடதாசி வடிவம் தமிழிலும் சிங்களத்திலும் அலுவலக வாங்கிற் காத்திருப்போர் கையில் ஒரு பென்சிலோடு கொடுக்கப்படட்டும். பேசாமல் நின்று தாள்மாற்ற ஆட்கள் வேண்டுமெனில், கலைப்பீடத்தில் வந்து கேட்கலாம்.