ஜே.வி.பி. கடந்து வந்த பாதையும் கடக்க வேண்டிய தூரமும்

இரு தடவைகள் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கி, இரு தடவைகளும் இரத்த வெள்ளத்தில் நசுக்கப்பட்ட கட்சியொன்று வாக்குச்சீட்டின் மூலம் ஆட்சிபீடம் ஏறியமை இலங்கை அரசியலில் முன்னொருபோதும் நிகழ்ந்திராததாகும். 2020 பொதுத் தேர்தலில் 3 ஆசனங்களை மாத்திரமே பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2024 நவம்பரில் 159 ஆசனங்களைக் கைப்பற்றியது. 2022இன் பொருளாதார வீழ்ச்சி மக்களின் கோபத்தைக் கிளறியது. அக்கோபத்தை வாக்குகளாக மாற்றக்கூடிய கட்டுக்கோப்பான அமைப்பு ஜே.வி.பி.யிடம் தயாராக இருந்தது.

சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்பு கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அணியில் இயங்கிய ரோஹண விஜேவீர, 1965இல் இந்த இயக்கத்தை உருவாக்கினார். கிராமப்புறச் சிங்கள இளைஞர்கள் 'ஐந்து வகுப்புகள்' மூலம் இரகசியமாகத் திரட்டப்பட்டனர். அவ்வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. மலையகத் தோட்டத் தொழிலாளர்களை அந்நியக் கருவியாகச் சித்திரித்த அப்போதனை, வர்க்கம் பேசிய இயக்கத்தினுள் இனவாதத்தை ஆரம்பத்திலேயே ஊன்றிவிட்டது.

1971 ஏப்ரல் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. 1983 ஜூலை வன்செயல்களுக்கு ஜே.வி.பி.யே காரணமென ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொய்ப்பழி சுமத்தி அதனைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு, இனப்பிரச்சினை தொடர்பான கருத்து முரண்பாட்டினால் பொதுச் செயலாளர் லயனல் போபகே விலகினார். 1987இல் இலங்கை - இந்திய ஒப்பந்தத்துக்கு எதிராக ஆரம்பித்த இரண்டாவது கிளர்ச்சி, 1989 நவம்பரில் விஜேவீர கொல்லப்பட்டதோடு வீழ்ச்சியுற்றது. அரசியல் குழுவில் உயிர் தப்பியவர் சோமவன்ச அமரசிங்க ஒருவரே. எனினும் முழுநேர ஊழியர்களையும் மத்திய குழுவின் கட்டுப்பாட்டையும் கொண்டு கட்சி மீண்டும் எழுந்தது. 2004இல் 39 ஆசனங்களுடன் அரசாங்கத்திலும் பங்கேற்றது.

ஆனால் அந்த ஒழுக்கமும் வலிமையும் சிறுபான்மையினர் விடயத்தில் எவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்பதை நாம் மறந்துவிட முடியாது. சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து 2005இல் அரசாங்கத்திலிருந்து வெளியேறியதும் இக்கட்சியே. இக்கட்சியினர் தாக்கல் செய்த மனுக்களின் பேரிலேயே வடக்கு, கிழக்கு இணைப்பு செல்லாதென உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது.

அப்படியிருந்தும் 2024இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் மூன்றைத் தமிழ் மக்கள் இவர்களுக்கு வழங்கினர். முஸ்லிம் மக்களும் பெருமளவில் ஆதரவளித்தனர். ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவர்கூட இடம்பெறவில்லை. ஓராண்டுக்குள் நடத்துவதாக வாக்குறுதியளிக்கப்பட்ட மாகாண சபைத் தேர்தலும் 2025 முடியும்வரை நடைபெறவில்லை.

ஊழல் ஒழிப்பும் நிர்வாகச் சீர்திருத்தமும் வரவேற்கத்தக்கவையே. எனினும் மத்தியில் குவிந்த அதிகாரத்தினாலேயே வளர்ந்த கட்சி, ஆட்சியதிகாரத்தைப் பகிர முன்வருமா என்பதே எம்முன் உள்ள வினாவாகும். மூன்றிலிரண்டு பெரும்பான்மையைக் கையில் வைத்திருப்பவர்கள் பாராளுமன்றப் பலமின்மையைக் காரணங்காட்ட முடியாது. பழைய வகுப்புகளின் பாடத்தை உண்மையில் கைவிட்டுவிட்டோம் என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர்களையே சார்ந்ததாகும்.