முகமூடிக்கு முன்னே பூசணிக்காய்

சென்ற ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, கனடாவிலுள்ள ரொறன்ரோ நகரிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "பெரியம்மா, பிள்ளை இன்னமும் தகப்பனிடம் போகிறானில்லை" என்றாள். முதல் நாள் மாலை, ஹலோவீன் கொண்டாட்டத்துக்கென்று கடையில் வாங்கிய எலும்புக்கூட்டு முகமூடியை அணிந்துகொண்டு, தகப்பனார் கதவுக்குப் பின்னிருந்து வெளிப்பட்டிருக்கிறார். மூன்று வயதுச் சிறுவன் வீரிட்டு அலறினானாம். முகமூடியைக் கழற்றிக் காட்டிய பின்னும் அவன் தேறவில்லை. இப்படியும் ஒரு பயங்கொள்ளியா என்று தகப்பனாருக்கு மனக்குறை.

பிள்ளை பயங்கொள்ளி அல்லன். அவன் வயது அத்தகையது. றீற்றா டிவ்றீஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகின்றது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள சிறாருக்கு மேனாட் என்னும் சாதுவான பூனையொன்றைக் காட்டினார். பின்னர் அதன் தலைப்பக்கத்தை மட்டும் மறைத்து, நாயின் முகமூடியை மாட்டினார். உடலின் பின்பாகமும் வாலும் பிள்ளைகளின் கண்முன்னேயே இருந்தன. அப்படியிருந்தும், மூன்று வயதினரிற் பலர் பூனை நாயாகிவிட்டதென்றே கொண்டனர். ஆறு வயதை அணுகியோரோ, முகமூடி போட்ட பூனைதானே என்றனர். தோற்றம் மாறினும் பொருள் மாறாது என்னும் அறிவு பிள்ளைக்குப் பிறவியிலேயே வந்துவிடுவதன்று. மெல்ல மெல்ல முதிர்வது. ஆகவே, அன்று மாலை அச்சிறுவன் கண்டது முகமூடியணிந்த தகப்பனை அன்று. தகப்பன் இருந்த இடத்தில் ஓர் எலும்புக்கூட்டை.

இதனை மனத்திற் கொண்டு, பாலர் வகுப்புப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அந்நாளை எவ்வாறு பயனுள்ளதாக்கலாம் என்பதை இவ்வாரம் நோக்குவோம். நம்மவரின் பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று கனடாவில் வளர்கின்றனர். பேய் பிசாசு விளையாட்டு நமக்கெதற்கு என்று ஒதுக்கினாலும், ஒக்ரோபர் 31ஆந் திகதி அவர்களின் வகுப்பறைக்குள் வந்தே தீரும்.

ஹலோவீன் என்பது நவம்பர் முதலாந் திகதி வரும் சகல புனிதர் திருநாளின் முன்னிரவாகும். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பண்டைக்காலத்திற் கொண்டாடப்பட்ட ‘சவின்’ என்னும் விழாவின் வழக்கங்களும் இதனோடு கலந்தன. அங்கே டேர்னிப் கிழங்கைக் குடைந்து, கோரமுகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கடல் கடந்து அமெரிக்கா சென்ற ஐரிஷ் மக்கள், அங்கு விளைந்த பெரிய பூசணிக்காய் குடைவதற்கு எளிதாயிருக்கக் கண்டனர். கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்துக்கொண்டது.

அப்பூசணிக்காயே சிறு பிள்ளைக்குச் சிறந்த ஆசான். வெட்டுவதற்குச் சில நாட்கள் முன்னரே அதனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிள்ளை அதனைத் தூக்கிப் பார்க்கட்டும்; உருட்டட்டும்; அதன் வயிற்றைச் சுற்றி நூல் கட்டி அளந்து, அதே நூலால் தன் வயிற்றையும் அளந்து பார்க்கட்டும். பின்பு தொட்டியில் நீர் நிரப்பி, இது மிதக்குமா, அமிழுமா என்று கேளுங்கள். இத்தனை பாரமான காய் அமிழ்ந்துதான் போகும் என்று பிள்ளை அடித்துச் சொல்லும். காய் மிதக்கும்! ஏன் மிதந்தது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். மூடியை வெட்டித் திறந்ததும் உள்ளேயுள்ள வெற்றிடத்தைப் பிள்ளை தானே காணும்.

வெட்டுவது பெரியோர் வேலை. உள்ளே கைவிட்டு வழிப்பது பிள்ளையின் வேலை. வழுவழுத்த நாரைத் தொட்டு முதலில் முகஞ்சுளிக்கும். பிறகு இரு கைகளையும் உள்ளே விட்டுவிடும். உடை அழுக்காகும் என்று அஞ்சும் தாய்மார் பழைய சட்டையொன்றை அணிவித்துவிடலாம். விதைகளைக் கழுவி, முட்டைப் பெட்டியின் குழியொன்றுக்குப் பத்தாக இட்டு எண்ணுவிக்கலாம். இரண்டொன்றை ஈரத்துணியிற் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் முளை தலைகாட்டும்.

அடுத்து முகம். சிரிக்கும் முகமா, அழும் முகமா, கோபமுகமா என்பதைப் பிள்ளையே தீர்மானித்து வண்ணக்கோலால் வரையட்டும். அக்கோட்டின் வழியே நீங்கள் வெட்டுங்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். சிறு பற்றரி விளக்குப் போதும். இருளில் ஒளிரும் அந்தக் கோரமுகம் தன் கையால் ஆனது என்று பிள்ளைக்குத் தெரியும். தான் செய்ததைக் கண்டு எவர்தாம் அஞ்சுவர்?

நிழல் விளையாட்டும் இவ்வாறே. வெள்ளைத்துணி ஒன்றைக் கட்டி, ரோச் விளக்கின் முன் கையை அசைக்கச் சொல்லுங்கள். கை விளக்கை நெருங்க நிழல் பூதாகாரமாகும்; விலகச் சிறுக்கும். பூதத்தைப் பெருக்கவும் சுருக்கவும் வல்லவன் தானே என்று பிள்ளை கண்டுகொள்ளும்.

முகமூடி இவற்றுக்கெல்லாம் பின்னரே வரவேண்டும். காகிதத் தட்டில் கண்ணுக்குத் துளையிட்டு, கீழே ஒரு குச்சியை ஒட்டிவிடுங்கள். றபர் நாடா வேண்டாம். குச்சி இருந்தால் நினைத்தபோது உயர்த்தலாம், நினைத்தபோது இறக்கலாம். கண்ணாடியின் முன் நின்று பலமுறை அவ்வாறு செய்யட்டும். தகப்பனார் போடுவதாயின், பிள்ளை பார்த்திருக்கவே போட்டு, பேசிக்கொண்டே கழற்றவேண்டும்.

நீரில் மிதக்கும் அப்பிளை வாயாற் கவ்வும் பழைய விளையாட்டு இவ்வயதினர்க்கு ஆகாது. சிறிதளவு நீரும் அவர்களுக்கு ஆபத்தே. அகப்பையால் அள்ளச் சொல்லலாம். வீடுவீடாகச் சென்று சேர்க்கும் இனிப்புகளை நிறவாரியாகப் பிரிப்பதும் நல்ல விளையாட்டு. ஆனால் உருண்டையான கடின இனிப்புகளைப் பெரியோர் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடவேண்டும். நான்கு வயது நிறையாத பிள்ளைக்கு அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும்.

இவற்றையெல்லாம் தங்கை மகளுக்குச் சொல்லி ஓராண்டாகிறது. சென்ற வாரம் தொலைபேசித் திரையில் காகிதத் தட்டுப் புலியொன்று தோன்றி என்னைப் பார்த்து உறுமிற்று. நானும் நடுங்குவதுபோற் பாவனை செய்தேன். உடனே தட்டு கீழே இறங்கிற்று. "பயப்பிடாதேங்கோ அம்மம்மா, நான்தான்" என்றான்.