தேடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்

தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து நாட்டுப்படகில் கடலுக்குப் போகும் சங்குகுளி மீனவர்களுக்கு மன்னார் வளைகுடாவின் அடித்தரை மனப்பாடம். எந்தப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) எத்தனை பாகம் ஆழத்தில் கிடக்கிறது, எங்கே மணல், எங்கே சேறு, எந்தக் காற்றுக்குத் தண்ணீர் கலங்கும் என்பதெல்லாம் மூச்சடக்கி மூழ்கியே தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு. இந்தக் கடலையொட்டிய ஆழ்பகுதியில் எண்ணெயும் எரிவாயுவும் தேட 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ஏலம் அறிவித்தது. காவிரிப் படுகையில் 9,990 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழ்கடல் தொகுதி ஒன்று அதில் இருந்தது. அதைக் கைவிடக் கோரி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மார்ச் மாதம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முதலமைச்சராலாவது கடிதம் எழுத முடிந்தது. ஆய்வுக்கு முன் சங்கு குளிப்பவரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை.

முன்பு ஓரளவு இருந்தது. 2020 ஜனவரி 16 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட திருத்தம், எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்களை ‘பி2’ பிரிவுக்குத் தள்ளியது. அந்தப் பிரிவில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம். ஆய்வுதானே, உற்பத்தி இல்லையே என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் சமாதானம். விளைவை ராமநாதபுரம் கண்டது. அங்கே 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு அனுமதி கிடைத்த செய்தி 2025 ஆகஸ்டில் பரவியதும் எதிர்ப்பு வெடித்தது. அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொல்ல வேண்டிவந்தது. முன்கூட்டியே கிராமங்களில் பேசியிருந்தால் அந்தக் கொந்தளிப்புக்கு வேலையே இருந்திருக்காது.

ஆய்வு ஒன்றும் தீங்கற்ற வேலை அல்ல. கடலடியில் எண்ணெய் தேடும் கப்பல், அழுத்தக் காற்றுத் துப்பாக்கிகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை வெடித்தபடி வாரக்கணக்கில் போகும். பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிவாங்கிக் கேபிள்கள் இழுபடும். அந்தப் பாதையில் வலை போட முடியாது. 1992இல் நார்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் நடந்த சோதனையில் காட், ஹேடாக் மீன்பாடு சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. சுமார் 33 கிலோமீட்டர் தொலைவு வரை அந்தப் பாதிப்பு தெரிந்தது; வெடிப்பு நின்று ஐந்து நாளாகியும் மீன் பழையபடி திரும்பவில்லை. டாஸ்மேனியாவுக்கு அப்பால் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, 1.2 கிலோமீட்டர் வரை மிதவை உயிரிகள் மடிந்ததைக் காட்டியது. மீனுக்கும் மீன்குஞ்சுக்கும் அவைதான் உணவு. விசைப்படகு வேறு கடலுக்கு ஓடிப் பிழைத்துக்கொள்ளும். காலையில் போய் மாலையில் கரை திரும்பும் நாட்டுப்படகு எங்கே போகும்?

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. தேடவே கூடாது என்று சொல்வது பொறுப்பாகாது. ஆனால் எங்கே, எப்போது, யாரைக் கேட்டு என்பதற்கு விடை வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்வோம். தலைநகரத்தில் இருந்து பார்த்தால் அப்போது கடல் காலியாகத் தெரியும், ஆய்வுக்கு வசதியான காலம் என்று தோன்றும். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் அப்போதும் கடலில் இருக்கும். மீன் இனப்பெருக்கத்துக்காகவே அந்தத் தடை போடப்பட்டது. திரேஸ்புரத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். நார்வேயில் நில அதிர்வு ஆய்வுக் கப்பலில் மீன்பிடித் தொழில் அறிந்த ஒருவர் இருந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஷெல் நிறுவனத்தின் கடலாய்வை, கரையோர மக்களை முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்ற காரணத்தாலும் மக்காண்டா உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் நிறுத்தியது. 2022 செப்டம்பரில் ஆய்வு உரிமையே செல்லாது என்றது.

தூத்துக்குடி மக்களின் அவநம்பிக்கைக்குக் காரணங்கள் உண்டு. பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் மன்னார் வளைகுடாவின் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போயின. அரித்துச் சுருங்கிய வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. வைப்பாறு, வேம்பாறு கரைகளில் தாது மணல் கொள்ளை பற்றிய புகாரால் 2013இல் தடை வந்தது; சிபிஐ விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட 2025 பிப்ரவரி ஆனது. ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் பலியானவர்களில் திரேஸ்புரத்துப் பெண் ஒருவரும் உண்டு. மக்களின் குரலைக் கடைசியில் கேட்பதற்கு இந்த ஊர் கொடுத்த விலை அது.

2020 திருத்தத்தை ஒன்றிய அரசு திரும்பப் பெற வேண்டும். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தையும் அதையொட்டிய மீன்பிடிப் பரப்பையும் எல்லா ஏலத்திலிருந்தும் நீக்க வேண்டும். அதற்கு அப்பாலுள்ள பகுதிகளில், ஆய்வுத் திட்டத்தைத் தமிழில் அச்சிட்டுத் திரேஸ்புரம் முதல் வேம்பாறு வரை ஒவ்வொரு மீனவர் கிராமத்திலும் முன்வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் சங்குகுளி மீனவர்களைக் கூலி கொடுத்துக் கூட்டிச்சென்று, பார்களையும் மீன்பாட்டையும் ஒரு முழு ஆண்டு பதிவு செய்யட்டும். இழப்பீட்டுத் தொகையும் அதை வழங்கும் நாளும் எழுத்தில் முடிவாக வேண்டும். அதுவரை எந்த ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதி தரக் கூடாது.