பெட்டிக்குப் பணம் இருக்கிறது, நிரப்புபவருக்கு இல்லை

மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தி நான்கு மணிக்குத் திறப்பது புனேயின் நெடுநாள் பழக்கம். பாகர்வடி என்னும் நொறுக்குத்தீனிக்குப் பேர்போன சிதளே பந்து கடை அந்த மதிய இடைவேளையை 2017 ஜூலையில்தான் கைவிட்டது. கடைகள் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று மகாராஷ்டிர அரசு சட்டம் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் அதற்கு வெகு முன்பே ஐ.டி. வட்டாரங்களான ஊரின் மேற்கே ஹிஞ்சவடியும் கிழக்கே கராடியும் மகர்பட்டாவும் அமெரிக்கக் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யத் தொடங்கிவிட்டன. நள்ளிரவுக்கு மேல் பசித்தவருக்குக் கடை இல்லாத அந்த இடங்களில்தான் வெண்டிங் மெஷின் வேர்பிடித்தது. இன்று அது ஐ.டி. வளாகங்களின் கண்ணாடிக் கதவைத் தாண்டி, ரயில் நிலையம், மருத்துவமனை, கல்லூரி விடுதி, அடுக்கக வாசல் என்று பொது இடங்களுக்கு வருகிறது. வரட்டும். ஆனால் இயந்திரத்தை வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு, அதை நிரப்பி, துடைத்து, பழுது பார்ப்பவருக்குப் பணம் ஒதுக்காத திட்டம் எதுவும் நிலைக்காது. தனியார் இந்தத் தவற்றைச் செய்தால் இழப்பு அவரோடு போகும். மாநகராட்சியும் மெட்ரோவும் ரயில்வேயும் செய்தால் அது பொதுப்பணம்.

இந்தத் தொழிலின் உள்கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். கண்ணாடிக்குப் பின்னால் சுருள் கம்பிகள் வரிசையாக இருக்கும்; பணம் சேர்ந்ததும் மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றும், பாக்கெட் விழும். முன்பெல்லாம் பெரிய தலைவலி பணம் வாங்கும் பகுதிதான். கசங்கிய நோட்டை மெஷின் துப்பிவிடும், சில்லறை தீர்ந்துவிடும். 2016-இல் வந்த யு.பி.ஐ. அந்தச் சிக்கலை ஏறக்குறைய தீர்த்துவிட்டது. திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும். 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு வியாபாரியிடம் வங்கிக் கட்டணமும் கிடையாது. ஆனால் பணம் வாங்குவது எளிதானதால் லாபம் கூடிவிடவில்லை. நம் நாட்டில் பாக்கெட்டின் மேல் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மெஷின்காரர் வசதிக்கான விலையைச் சேர்த்து விற்கலாம். இங்கே 20 ரூபாய் சிப்ஸை 25-க்கு விற்றால் எடையளவுச் சட்டப்படி குற்றம். ஓட்டல்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அங்கே பாட்டிலோடு உபசரிப்பும் சேர்த்து விற்கப்படுகிறது என்பதால். உபசரிக்க ஆளில்லாத பெட்டிக்கு அந்த வாதம் பொருந்தாது. ஆகவே மொத்த வியாபாரி தரும் கழிவு மட்டுமே வருமானம். அதற்குள்தான் இடவாடகை, மின்சாரம், காலாவதியான சரக்கு, நிரப்ப வருபவரின் சம்பளம், பெட்ரோல் எல்லாம் அடங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரி விலை 20 ரூபாய், ஒரு பொருளுக்கு 3 ரூபாய் மிஞ்சுகிறது, நாளுக்கு 40 பொருள் விற்கிறது, மாதத்தில் 25 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரூபாய். மெஷினின் விலை ஒன்றரை லட்சம் என்றால், வேறு எந்தச் செலவுமே இல்லாவிட்டாலும் போட்ட முதல் திரும்ப 50 மாதம் ஆகும். 'உட்கார்ந்த இடத்திலேயே வருமானம்' என்று சமூக ஊடகங்களில் மெஷின் விற்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை. வேலையிழந்து கையில் ஒரு தொகையோடு நிற்கும் ஐ.டி. ஊழியரையும், பணி ஓய்வுப் பணத்தை எங்கே போடுவது என்று தேடும் பெரியவரையும் குறிவைத்து இந்த விளம்பரங்கள் வருகின்றன. ஒரு மெஷின் வைத்திருப்பவர் தொழிலதிபர் ஆகிவிடுவதில்லை; வாரத்துக்கு இரண்டு முறை மூட்டை தூக்கும் வேலையை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார். ஒரே வட்டாரத்தில் இருபது, முப்பது மெஷின்களை வைத்து, ஒரு வண்டியும் இரண்டு ஆட்களும் சுற்றிவரும்படி லைன் போட்டவருக்கே இந்தத் தொழில் கட்டுப்படியாகும்.

டீ, காபி மெஷினின் கதை வேறு. அங்கே எம்.ஆர்.பி. இல்லை. பெரும்பாலும் மெஷின் குறைந்த வாடகைக்கோ இலவசமாகவோ வரும். பால்பொடியும் ப்ரீமிக்ஸும் அதே நிறுவனத்திடம் வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். லாபம் பொடியில் இருக்கிறது. காசு கொடுப்பது குடிப்பவர் அல்ல, அலுவலக நிர்வாகம். கஃபே காபி டே இதற்கு நல்ல சாட்சி. 2019-இல் 1,700-க்கு மேல் இருந்த அதன் கஃபேக்கள், நிறுவனர் சித்தார்த்தாவின் மறைவு, கடன், கொரோனா எல்லாவற்றுக்கும் பிறகு 2023 மார்ச்சில் 469 ஆகச் சுருங்கின. அதே நேரத்தில் அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் இருந்த அதன் மெஷின்கள் 48 ஆயிரத்துக்கு மேல். கொரோனாவில் அலுவலகங்கள் மூடியபோது குறைந்த எண்ணிக்கை, ஊழியர்கள் திரும்பியதும் ஏறிவிட்டது. அந்த மெஷின்களைக் காப்பாற்றியது அவற்றின் தொழில்நுட்பம் என்று நான் நினைக்கவில்லை. தினமும் காலையில் பால் ஊற்றி, குழாயைக் கழுவி, கோப்பையை அடுக்கும் பேன்ட்ரி ஊழியர் ஒருவர் அங்கே ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறார். அந்தச் செலவு மெஷினின் கணக்கில் வருவதில்லை; அலுவலகப் பராமரிப்புக் கணக்கில் மறைந்துகிடக்கிறது. அதனால்தான் ஹிஞ்சவடியில் நன்றாக ஓடும் ஏற்பாட்டை அப்படியே எடுத்துவந்து சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் வைத்தால் ஓடிவிடும் என்று நம்புவது தவறாகிறது.

பொது இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ரயில்வேயைவிட நல்ல பாடம் இல்லை. 2015-இல் தொடங்கி ஐ.ஆர்.சி.டி.சி. நடைமேடைகளில் குடிநீர் இயந்திரங்களை வைத்தது. சொந்தப் பாட்டில் கொண்டுபோனால் 300 மில்லி ஒரு ரூபாய், ஒரு லிட்டர் 5 ரூபாய். ரயில் நீர் பாட்டில் 15 ரூபாய் விற்ற காலத்தில் ஏழைப் பயணிக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது; பிளாஸ்டிக்கும் குறையும். ஆனாலும் பல நிலையங்களில் அவை வெறும் பெட்டிகளாய் மூடிக்கிடக்கும் நிலை வந்தது. லிட்டருக்கு 5 ரூபாய் வரவில் வடிகட்டி மாற்றவும், ஆளை நிறுத்தவும், மின்சாரத்துக்கும் இடத்துக்கும் பணம் கட்டவும் ஒப்பந்ததாரரிடம் சொன்னால் வேறென்ன ஆகும்? விலையைக் குறைவாக வைத்தது சரிதான். அந்தக் குறைவை ஈடுகட்டும் பராமரிப்புத் தொகையைத் தராமல் விட்டதுதான் பிழை. இதற்கு நேர்மாறான உதாரணமும் அதே ரயில்வேயில் இருக்கிறது. முன்பதிவில்லாத டிக்கெட் தரும் தானியங்கி இயந்திரங்கள் வந்தபோது மக்கள் தயங்கினார்கள். ரயில்வே ஓய்வுபெற்ற ஊழியர்களைக் கழிவு அடிப்படையில் அவற்றின் அருகே அமர்த்தியது. மும்பையிலும் சென்னையிலும் புறநகர் நிலையங்களில் வரிசை சுருங்கியதற்கு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்த மனிதருக்கும் பங்கு உண்டு.

புதுவரவுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சென்னை கொளத்தூரில் 2023-இல் பாய் வீட்டுக் கல்யாணம் நிறுவனம் பிரியாணிக்கு ஆளில்லாக் கடை திறந்தபோது நாடே பேசியது. பிரியாணியைச் சமைத்தது மனிதர்கள்தான், திரை வாங்கியது ஆர்டரை மட்டும். பெங்களூரில் 2022-இல் பரபரப்பான இட்லி இயந்திரம் இட்லியை அவித்தே தந்தது. அதற்கும் மாவு ஊற்ற வேண்டும், தட்டைக் கழுவ வேண்டும். கதவைத் திறந்து எடுத்ததைக் கேமராவோ எடைத்தட்டோ கணக்கிட்டுப் பணம் பிடிக்கும் குளிர்ப்பெட்டிகளும் அலுவலகங்களுக்கு வந்துவிட்டன. சாலட், சாண்ட்விச், மோர் என்று விரைவில் கெடும் பொருள்களை அவை விற்கின்றன. சிப்ஸ் மெஷினுக்கு வாரத்துக்கு இரண்டு முறை போனால் போதும், இவற்றுக்குத் தினமும் போக வேண்டும். அதாவது மெஷின் புத்திசாலியாக ஆக, ஆள் தேவை கூடுகிறது. சில நிமிடங்களில் பொருள் கொண்டுவரும் பிளிங்கிட், செப்டோ போன்ற செயலிகளோடு போட்டிபோட, மெஷினுக்கு இருக்கும் ஒரே பலம் அது வாசற்காவலைத் தாண்டி உள்ளே இருப்பது. உள்ளே இருந்தும் காலியாக இருந்தால் அந்தப் பலமும் போயிற்று.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, மெஷினுக்குள் சிம் இருக்கிறது, எது தீர்ந்தது என்று தொலைவிலிருந்தே தெரிகிறது, இனி ஆள் குறையும் என்பது. வீண் நடை குறையும், உண்மை. ஆனால் தகவல் பாக்கெட்டைத் தூக்கிவராது. வெண்டிங் மெஷின்களின் தாயகம் என்று சொல்லத்தக்க ஜப்பானில் 2000-இல் சுமார் 56 லட்சம் இயந்திரங்கள் இருந்தன; இப்போது 40 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. மக்கள்தொகைச் சரிவும் கன்வீனியன்ஸ் கடைகளும் காரணம் என்றாலும், நிரப்பும் வண்டிக்கு ஓட்டுநர் கிடைக்காததும் பெரிய காரணம். 2024 ஏப்ரலில் அங்கே ஓட்டுநரின் கூடுதல் நேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி என்று வரம்பு வந்தபின் நெருக்கடி இன்னும் கூடியது. தொழில்நுட்பத்தில் குறைவில்லாத நாட்டுக்கே இந்த நிலை.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதென்றால் மெஷின் எதற்கு, அந்தப் பணத்தில் தெருவோர வியாபாரி ஒருவருக்கே இடம் கொடுக்கலாமே என்கிறார்கள். பல இடங்களில் அதுவே சரியான முடிவு. பகலில் டீ வேண்டும் என்றால் புனேயின் அம்ருததுல்ய டீக்கடைகளை எந்த மெஷினும் வெல்லாது, வெல்லவும் வேண்டாம். தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் வந்த சட்டமே இருக்கிறது; அவர்களை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் பெட்டி வைப்பது அநீதி. ஆனால் மனிதக் கடை போக முடியாத இடமும் நேரமும் உண்டு. அரசு மருத்துவமனை வார்டில் இரவு மூன்று மணிக்குக் குடிநீர். பள்ளிக் கழிப்பறையில் ஒரு மாணவி யாரிடமும் வாய்திறந்து கேட்காமல் எடுத்துக்கொள்ளும் நாப்கின். இங்கே மெஷின் விற்பது பொருளோடு சேர்த்து ஒரு பெண்ணின் கூச்சத்துக்கான மரியாதையையும். அந்த மெஷின் காலியாக இருக்கும் நாளில் அவள் பள்ளியைவிட்டு வீட்டுக்குப் போகிறாள். அதைப் பதிவு செய்ய எந்த சிம் கார்டும் இல்லை. தமிழ்நாட்டில் 2012 முதல் நடக்கும் புதுயுகம் திட்டம் வளரிளம் பெண்களுக்கு நாப்கினைச் சுகாதாரப் பணியாளர்கள் மூலமும் பள்ளிகள் மூலமும் கொண்டுசேர்க்கிறது. வழங்குவதற்கு மனிதர்கள் முன்னதாகவே நியமிக்கப்பட்ட ஏற்பாடு அது. மெஷின் வைக்கும் பள்ளிகளிலும் நிரப்பும் பொறுப்பு ஒரு பெயரோடு சேர வேண்டும்.

ஆகவே புனே மாநகராட்சியும் பிம்ப்ரி-சிஞ்ச்வடு மாநகராட்சியும் புனே மெட்ரோவை நடத்தும் மகா மெட்ரோவும் டெண்டர் விடும் முறையை மாற்ற வேண்டும். இத்தனை மெஷின் வாங்கினோம் என்று எண்ணிக்கை காட்டும் டெண்டரால் ஆதாயம் மெஷின் விற்பவருக்கே. மாதத்தில் எத்தனை நாள் மெஷின் சரக்கோடு ஓடியது என்பதற்குப் பணம் தரும் ஒப்பந்தம் வேண்டும். காலியாக நின்ற நாளுக்குப் பிடித்தம் வேண்டும். பணம் போய்ப் பாக்கெட் விழாவிட்டால் உடனே திருப்பித் தரும் பொறுப்பும் ஒப்பந்ததாரருடையதாக இருக்க வேண்டும். நிரப்பும் வேலையை வட்டாரத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமே கொடுக்கலாம். ஒரு குழு ஒரு லைன் என்று பிரித்தால் இருபது பள்ளிகளை அவர்களால் பார்த்துக்கொள்ள முடியும், நியாயமான கூலியும் கிடைக்கும். பெட்டியின் மேல் கடைசியாக நிரப்பிய தேதியும் பொறுப்பான அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும் மராத்தியில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் மெஷின் கொள்முதலுக்கு ஒரு வரி இருந்தால், அதற்கு நேர்கீழே ஐந்தாண்டுப் பராமரிப்புக் கூலிக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வரிக்குப் பணம் போதாவிட்டால், முதல் வரியில் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும்.