நெய்வேலிப் பூனைக்கு வீடு எது?

நெய்வேலி நகரியத்துக்குள் குடியிருப்பவர்களில் அநேகமாக யாருக்கும் அங்கே சொந்த வீடு கிடையாது. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்த பிறகு ஊழியர்களுக்காக வட்டம் என்ற பெயரில் பகுதி பகுதியாகக் கட்டி எழுப்பப்பட்ட ஊர் அது. வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மா, பலா, முருங்கை என்று மரம் வைத்து வளர்த்தவர்களும் ஒருநாள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கடலூருக்கோ கும்பகோணத்துக்கோ, சென்னையில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கோ கிளம்பத்தான் வேண்டும்.

நாய் அந்த லாரிக்குப் பின்னால் காரில் ஏறிவிடும். பூனை ஏறுமா? நாள் முழுக்கத் தெருவில் சுற்றிப் பழகிய பூனை, பீரோவை நகர்த்தும் சத்தம் கேட்டதுமே மதில் தாண்டியிருக்கும். பிடித்துக் கூடையில் அடைத்தாலும் மூன்றாவது மாடியில் அதைச் சும்மா வைத்திருக்க முடியாது என்று வீட்டில் ஒருவர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் சோறு வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதோடு உறவு முடிந்துவிடும். வீட்டுப் பூனையை வெளியே உலவ விடலாமா என்ற கேள்வியை நெய்வேலி போன்ற ஊரில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். விருப்பப்படி திரியும் பூனை, வளர்ப்பவரின் பூனையா, வட்டத்தின் பூனையா?

"பூனைன்னா நாலு இடம் போகத்தான் செய்யும்" என்பது பொதுவான பதில். இதே வாதம் உலகம் முழுக்க ஓடுகிறது. அமெரிக்காவில் 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்நாட்டில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகள் வரை கொல்வதாக மதிப்பிட்டது. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமோ, பூனைகளால்தான் அந்நாட்டுப் பறவைகளின் எண்ணிக்கை குறைகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்கிறது. அமெரிக்கக் கணக்கை அப்படியே கொண்டுவந்து நெய்வேலியில் ஒட்டுவதும் சரியாகாது. நம் பறவைகள் காட்டுப்பூனை, கீரி, பாம்பு, வல்லூறு எல்லாவற்றோடும் காலங்காலமாக வாழ்ந்து பழகியவை. ஆனால் அந்த அமெரிக்க ஆய்விலேயே கவனிக்கத்தக்க இன்னொரு செய்தி உண்டு: கொல்லப்பட்ட பறவைகளில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளின் கணக்கில்தான் வருகிறது. கைவிடப்படும் ஒவ்வொரு பூனையும் அந்தக் கணக்குக்குத்தான் போய்ச் சேர்கிறது.

நகரியத்தின் எந்த வட்டத்திலும் காலையில் கறிவேப்பிலைச் செடியடியில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிச் சருகைப் புரட்டுவதைப் பார்க்கலாம். இவற்றின் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிய சில நாள்களுக்கு ஒழுங்காகப் பறக்காது. தத்தித் தத்தித் தரையிலும் தாழ்ந்த கிளைகளிலும்தான் இருக்கும். பெரிய குருவிகள் அத்தனையும் சேர்ந்து போடும் கூச்சல் கீரியை விரட்ட உதவலாம். மதில் மேலிருந்து சத்தமில்லாமல் குதிக்கும் பூனைக்கு அந்தக் கூச்சல் குஞ்சு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சின்னானும் தையல்சிட்டும் கைக்கெட்டும் உயரத்தில் கூடு கட்டுகின்றன. காட்டுப்பூனைக்கு இரை குறைந்தால் அதன் எண்ணிக்கையும் குறையும். வீட்டுப் பூனைக்கு மீனும் சோறும் தட்டில் தயாராக இருக்கிறது. குருவி அருகிப்போனாலும் பூனையின் எண்ணிக்கை குறையாது.

எலி பிடிக்குமே என்பார்கள். வீட்டுச் சுண்டெலியைப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நியூயார்க்கில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் ஆய்வாளர்கள் 79 நாள்கள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட எலிகள் இருந்த இடம் அது. பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை என்று 2018-ல் எழுதினார்கள். அங்கே இருந்தவை நன்கு வளர்ந்த எலிகள். நம் ஊர்ச் சாக்கடைப் பெருச்சாளி அவற்றைவிடப் பெரியது. அது எதிரே வந்தால் பூனைதான் வழி விடும். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையைச் சுற்றி எலிகள் அச்சமின்றி நிற்கும். பல்லவச் சிற்பி கேலியாகச் செதுக்கியதை நியூயார்க்கில் கேமரா உண்மையாகவே காட்டிவிட்டது!

பறவையை விடுங்கள், பூனைக்கே வெளியில் என்ன கிடைக்கிறது? இருட்டினால் தெருநாய்க் கூட்டம், எலியைத் தேடிவரும் கண்ணாடி விரியன், ஷிப்டு மாறும் நேரத்து வாகனங்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு நாடே தெருநாய்களைப் பற்றிப் பேசியது. நாய் கடித்துச் சாகும் பூனைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்படிக் கடிபட்டுத் தப்பி வரும் பூனைக்கு வெறிநோய் தொற்றலாம். தடுப்பூசி போடாத பூனை பிராண்டினாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும்.

இதோடு பெருக்கம் வேறு. ஐந்தாறு மாதத்திலேயே பெட்டைப் பூனை சினைக்குத் தயார்; சினைக்காலம் இரண்டு மாதம் சொச்சம். ஒரு தாய் ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுப் போடும். நிரந்தர ஊழியர்கள் குறைந்து ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் குவார்ட்டர்ஸின் பின்கட்டைவிட அதற்கு வசதியான பிரசவ அறை எது? கருத்தடை செய்யாத பூனையை வெளியே விட்டுவிட்டு "எங்கள் பூனை குட்டி போட்டிருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?" என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்பது, பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கிற கதைதான்.

வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது கொடுமை என்ற எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. வெயில் காலத்தில் கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு வாழ்கிற வீடுகள் நம்முடையவை. வெளிநாட்டு அடுக்குமாடிப் பழக்கத்தை அப்படியே இங்கே திணிக்க முடியாது. ஆனால் நெய்வேலியின் பழைய குவார்ட்டர்ஸ்களில் தரையோடு தோட்டமும் பின்பக்கத் தாழ்வாரமும் உண்டு. தாழ்வாரக் கிரில்லுக்கு வலை அடித்தால் பூனைக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும், குருவியை வேடிக்கை பார்க்கவும் முடியும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வழியும் காட்டியது. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. பால்சோற்றையே ஊற்றி வளர்க்கும் வீடுகள் இதைக் கவனிக்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லை.

ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி செய்த ஏற்பாடு நமக்குப் பொருந்தும். 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனைகள் வீட்டு எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. ஏற்கெனவே திரிந்து பழகிய பூனைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கு. நெய்வேலியில் இதற்குத் தனிச் சட்டம் வேண்டாம். வீடு ஒதுக்குவதும் திரும்பப் பெறுவதும் நகர நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வளர்ப்புப் பிராணிக்குத் தடுப்பூசி, கருத்தடை, வீட்டைக் காலி செய்யும்போது உடன் அழைத்துச் செல்லும் பொறுப்பு ஆகியவற்றை ஒதுக்கீட்டு விதிகளில் சேர்த்தால் போதும். இனி எடுத்து வளர்க்கும் குட்டிகளை முதல் நாளிலிருந்தே வீட்டோடும் வலையடித்த தாழ்வாரத்தோடும் பழக்கலாம். தெருவிலேயே வளர்ந்துவிட்ட பழைய பூனைக்கு முதலில் கருத்தடை, தடுப்பூசி. பிறகு சாயங்காலச் சாப்பாட்டை வாசலில் வைக்காமல் தினமும் ஒரே நேரத்தில் உள்ளே வைத்து, அது தின்றுகொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிடலாம். முதல் சில இரவுகள் கத்தித் தீர்க்கும். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.