நீச்சல் உடைக்கு எந்தத் துணி?

நெசவாளரும் பட்டுப்புழு வளர்ப்போரும் படிக்கும் இப்பத்திரிகையில், நீச்சல் உடைக்குக் கைத்தறித் துணி ஆகாது என்று எழுதுவது அங்கத்தினர் சிலருக்கு வருத்தம் தரலாம். ஆயினும் எழுதியே தீரவேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி அணையும், கெலவரப்பள்ளி நீர்த்தேக்கமும், ஏரிகளும் கிணறுகளும் நிறைந்த இம்மாவட்டத்தில் நம் பெண்மக்கள் பலர் நீந்தக் கல்லாமலே வளர்கின்றனர். அதற்கு உடையும் ஒரு காரணம். ஆண்பிள்ளை அரைக்கால் சட்டையுடன் கிணற்றில் குதித்துவிடுகிறான். பெண்குழந்தையோ பாவாடையுடனோ சுடிதாருடனோ இறங்கவேண்டும். இல்லையேல் கரையிலேயே நிற்கவேண்டும். கடையில் விற்கும் உடைகளில் அளவு பொருந்தினால் அடக்கம் பொருந்துவதில்லை. இரண்டும் பொருந்தினால் விலை பொருந்துவதில்லை. வீட்டுத் தையல் இயந்திரத்தில் நாமே தைத்துக்கொள்வதே தக்க வழி.

பருத்தியின் பெருமையை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நனைந்தால் அதன் இழை வலிமை கூடும் என்பதும் உண்மையே. ஆனால் அது நீரைக் குடித்துவிட்டு எளிதில் விடுவதில்லை. நீருக்குள் இருக்கும்வரை அந்தப் பாரம் தெரியாது; கையை நீருக்கு மேலே தூக்கும்போதும், களைத்துப்போய்ப் படியில் ஏறும்போதும்தான் தெரியும். இதனினும் பெரிய கேடு, தளர்ந்த துணி நீரை வாரி இழுப்பதும், காலைச் சுற்றிக்கொள்வதுமாகும். பாவாடை முதலில் காற்றடைத்து மிதக்கும்; பிறகு காலோடு காலாக ஒட்டிக்கொள்ளும். நீந்தத் தெரிந்தவளையே இது திணறச் செய்யும் என்றால், கற்றுக்கொள்பவளின் நிலையைச் சொல்லவேண்டுமா?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மல்பெரித் தோட்டக்காரர்கள், பட்டு எப்படி என்று கேட்கக்கூடும். அதையும் உலகம் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக நீச்சல் போட்டி நடந்தது 1912ஆம் ஆண்டு, ஸ்டாக்ஹோமில். பிரிட்டன் நாட்டுப் பெண்கள் மெல்லிய பட்டு உடை அணிந்து வென்றனர். நனைந்தால் உடல் தெரியும் என்பதால் உள்ளே வேறோர் உடையும் அணிய நேர்ந்தது. பட்டு ஈரத்தில் வலிமை குன்றும். குளங்களில் கலக்கும் குளோரினும் அதற்குப் பகை.

ஆகவே வேண்டுவது பின்னல் துணி. பனியன் துணியைப்போல் பின்னப்பட்டு, நீளத்திலும் அகலத்திலும் இழுபடுவது. பாலியெஸ்டர் அல்லது நைலான் இழையுடன், நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்குவரை ஸ்பாண்டெக்ஸ் கலந்திருத்தல் நலம். கடைக்காரர் லைக்ரா என்பதும் இதுவே. 1958இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்பவர் கண்ட இழை இது; பலமடங்கு நீண்டும் பழைய அளவுக்கு மீளும். கிணற்றிலும் ஏரியிலும் நீந்துவோர்க்கு நைலான் போதும். ஓசூர், பெங்களூர்க் குளங்களுக்குச் செல்வோர் பாலியெஸ்டரே வாங்குக. குளோரினை அது நன்றாகத் தாங்கும்.

பர்கூரைக் குட்டி சூரத் என்பார்கள். அங்கு வாங்கினாலும் பெங்களூரில் வாங்கினாலும், விலை பேசுவதற்குமுன் துணியை இரு கைகளாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபுறம் தெரிந்தால் உள்துணி வைத்துத் தைக்கவேண்டும். விட்டவுடன் பழைய அளவுக்கு மீளாத துணி வேண்டவே வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்கவேண்டும். நிறத்தில் மட்டும் பிள்ளைகளின் விருப்பத்துக்கு இடங்கொடுக்கவேண்டாம். நீலமும் சாம்பலும் நீருக்குள் மறைந்துவிடும். ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறமே கரையிலிருப்பவர் கண்ணுக்குத் தட்டுப்படும். முழுகும் குழந்தையைத் தேடும்போது இதன் அருமை விளங்கும்.

அதிகம் இழுபடும் பக்கம் உடலைச் சுற்றி வரும்படி வெட்டுக. நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறும். ஜிக்ஜாக் தையலும் பாலியெஸ்டர் நூலும் வேண்டும். அடக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: மணிக்கட்டிலிருந்து கணுக்கால்வரை மூடித் தைப்பதற்கும் இதே துணி இடந்தரும். 2004இல் ஆஸ்திரேலியாவில் அஹீடா ஸனெட்டி என்ற பெண்மணி தலையையும் மூடும் நீச்சல் உடையை வடிவமைத்தார். பல நாடுகளில் பெண்கள் அதை அணிந்து நீந்துகின்றனர். உடலோடு ஒட்டியிருப்பதே இன்றியமையாதது. எவ்வளவு மூடுவது என்பது அவரவர் விருப்பம்.

இதனால் நம் தறிக்கு நஷ்டமா? கைத்தறிக்கென 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய ரகங்களில் சேலையும் வேட்டியும் துண்டும் உண்டு. நீச்சல் உடை இல்லை, இருக்கவும் நியாயமில்லை. ஆனால் கரையேறியவளுக்குத் துவட்டிக்கொள்ளத் துண்டு வேண்டும். நீரில் பருத்தியின் குற்றமாக இருந்ததே அங்கே அதன் குணமாகிறது. சங்க விற்பனைச் சாலையில் நம் துண்டுகளுக்குப் பக்கத்தில் இப்பின்னல் துணியையும், மூன்று நான்கு அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளையும் வைத்தால், தையல் தெரிந்த அங்கத்தினர் வீட்டுப் பெண்களுக்கு வேலையும் கிடைக்கும். கோடை விடுமுறைக்கு முன்பே நிர்வாகிகள் இதை ஆலோசிக்க வேண்டுகிறேன்.